கிடாரத்தில் அவிந்த கட்டை

என் பெரியவாப்பாவின் மகன் நெய்னாருக்கு வாழ்க்கைப்பட்டவள் றம்ஸியா. தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு கண்டக்குழிக்கு வந்த குடும்பம். கூடப் பிறந்த நாலு பேரில் மூத்தவள் வண்ணாத்திவில்லில். தம்பிமார் இரண்டு பேரும் மன்னாருக்கே திரும்பிப் போனார்கள். கடைசித் தங்கச்சி மௌத்தாகிவிட்டாள். நெய்னாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன் ஸியாத் கட்டாரில். வீட்டில் மிஞ்சியது அவன் வளர்த்த மீன் தொட்டியும், அதில் ஒரேயொரு கறுப்பு மீனும்தான்.

அந்த மீனோடுதான் றம்ஸியாவுக்குக் கதை. வெங்காய விலையிலிருந்து முழங்கால் நோவு வரை சொல்வாள். ஒரு கிழமையாக அது இரை தின்னவில்லை. ஆள் அசைந்தால் கண்ணாடியில் போய் முட்டியது. ஃபோனில் ஸியாத் பார்த்தான்.

"அதுக்கு ஒளிய இடமில்ல உம்மா. இப்பிடியே விட்டா செத்துப் போகும். கரையில ஒரு கட்டை பாத்து எடுத்துப் போடுங்க. ஆனா கொண்டு வந்ததும் போட்டுடாதீங்க, உப்பு மீனைக் கொல்லும். நல்லா அவிச்சு ஊறப் போடணும்."

சோளகக் காற்றில் கடல் ஒதுக்கிய கட்டைகள் கரையெல்லாம் கிடந்தன. தாரும் பெயின்டும் பட்டவற்றை அவள் தொடவில்லை. கத்தி நுனி இறங்கிய உளுத்ததையும் விட்டாள். வெயிலில் வெளுத்த ஒரு வேர்க்கட்டை கிடைத்தது, அடியில் பொந்தோடு. சவர்க்காரம் போடாமல் தேங்காய்த் தும்பால் தேய்த்தாள். குசினிச் சட்டி எதிலும் அது அடங்கவில்லை. நெய்னாரின் நாற்பதாம் நாள் கத்தம் ஓதி ஊருக்குச் சோறு போட்ட பிறகு கவிழ்த்தே கிடந்த பெரிய கிடாரத்தை நிமிர்த்தி, முற்றத்தில் அடுப்பு மூட்டினாள்.

கிடாரம் ஏறினால் அந்த ஊரில் சாப்பாடு என்று அர்த்தம். புகையைக் கண்டு அடுத்த வளவு அக்கீலா பீங்கானோடு வந்தாள். பின்னால் தாஹிர் காக்கா, இன்னும் நாலைந்து பேர்.

"என்ன ராத்தா, கத்தமா? ஒரு சொல்லுச் சொல்லலயே."

"கத்தம் இல்லடி. கட்டை அவியுது."

தாஹிர் காக்கா எட்டிப் பார்த்தார். "எனக்குப் பல்லும் இல்ல புள்ள. இன்னும் கொஞ்சம் அவியட்டும்."

முற்றம் சிரித்தது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு அந்த முற்றத்தில் சிரிப்பு. மீனுக்கென்று அவள் விளக்கினாள்.

"வந்தது வந்தீங்க. இருந்து பிளேன்டீ குடிச்சிட்டுப் போங்க."

கட்டையின் சாயம் இறங்கிச் சிவந்திருந்த தண்ணீரை அக்கீலா பார்த்தாள். "இந்தத் தண்ணியிலயா ராத்தா?" என்றாள். மறுபடியும் சிரித்துக்கொண்டு எல்லாரும் போய்விட்டார்கள்.

பிறகு பெரிய பேசினில் கட்டையை ஊறப் போட்டாள். மிதக்காமல் மேலே குழவிக்கல் வைத்தாள். நாளுக்கு நாள் கிணற்றுத் தண்ணீர் மாற்றி, பழையதை ஊற்றும் முன் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்புத் தட்டுவது நின்றது. கல்லை எடுத்தும் கட்டை அடியிலேயே கிடந்த அன்று தொட்டிக்குள் இறக்கினாள். மீன் நேரே பொந்துக்குள் போனது.

அவள் எதிரே கதிரை போட்டு உட்கார்ந்தாள். அது வெளியே வரவில்லை. இரை தூவினாள், வரவில்லை. குசினிக்குப் போய்ச் சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தால் இரை இல்லை. மறுநாளும் அப்படித்தான்.

ஸியாத் ஃபோன் எடுத்தான். "மீனைக் காட்டுங்க உம்மா. கட்டைதானே தெரியுது."

"உள்ளுக்கு இருக்கு மகன். இப்ப நல்லாத் திங்குது. நான் இருந்தா வெளிய வராது."

"அப்ப நீங்க அங்க இருக்காதீங்க." சிரித்தான். வேலைக்கு நேரமாகிறது என்று வைத்துவிட்டான்.

அவள் இரையைத் தூவினாள். தொட்டிக்கு முன்னால் கிடந்த கதிரையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனாள்.