வியாழக்கிழமை மிஸ்

என்னுடைய அவர் மூதூருக்கு ஆட்களை ஏற்றிப் போகும் லோஞ்சுப் படகில் வேலை செய்தவர். ஒரு சுற்றிவளைப்பின்போது இறங்குதுறையில் வைத்து ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள். சில கிழமைகள் கழித்து விட்டார்கள். ஆள் திரும்பி வந்தார், கதை வரவில்லை. எதைக் கேட்டாலும் "ஓம்", "இல்லை", அவ்வளவுதான். என் முகத்தை நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. கடைசியில் ஆஸ்பத்திரி டொக்டர், கோயில் மண்டபத்துப் பின்னறைக்கு வியாழக்கிழமைகளில் வரும் உளவளத்துணை மிஸ்ஸிடம் அவரை அனுப்பினார்.

"அவ என்ன மருந்து தருவா?" என்று டொக்டரைக் கேட்டேன்.

"மருந்தில்லை அம்மா. இவர் கதைப்பார், அவ கேட்பா."

கதைக்கிறதுக்கு இன்னொருத்தியிடம் போகவேணுமாம்! அப்ப வீட்டில் இருக்கிற நான் என்ன, தூணா?

வியாழன் வந்தால் மனிசன் தாடி வழிப்பார். நான் இஸ்திரிப்பெட்டியால் மினுக்கி வைத்த சேர்ட்டைப் போடுவார். மற்ற நாளில் இடுப்பில் கட்டிய சாரத்தோடு சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆள்! எனக்கு வயிறு பற்றி எரியும். ஒருநாள் பொறுக்க ஏலாமல் பின்னாலேயே போய் மண்டபத்து வேம்படியில் நின்று யன்னலால் எட்டிப் பார்த்தேன். இளம் பெண். நூல் சேலை, ஒற்றைப் பின்னல். தலையைச் சரித்து வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். இவருடைய முதுகுதான் எனக்குத் தெரிந்தது. அது குலுங்கியது. அழுகிறார்! இத்தனை வருடம் சமைத்துப் போட்டவளுக்கு ஒரு சொட்டு இல்லை, நேற்று வந்தவளுக்குக் கண்ணீர். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சட்டிபானையை எல்லாம் டமார் டமாரென்று போட்டுக் கழுவினேன்.

அடுத்த வியாழன் இவர் கதைத்து முடித்து வெளிக்கிட்ட பிறகு, எனக்கும் நெஞ்சு படபடக்கிறது என்று சொல்லி அவளிடம் நேரம் கேட்டேன். படபடப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. இவர் என்ன சொன்னார் என்று கிண்டி எடுக்கத்தான் போனேன். கலியாண வீடுகளுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு போனேன்.

உள்ளே ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு மண்கூசாவில் குடிக்கத் தண்ணீர். அவள் "வாங்கோ" என்றதும் என் கை தானாகவே பையைத் திறந்து அடையாள அட்டையை நீட்டியது. வாயும் சும்மா இருக்கவில்லை. "பிறந்த இடம் கட்டைபறிச்சான். கலியாணம் முடிச்சு டவுனுக்கு வந்தனான். வீட்டில நானும் அவரும்தான்." ஆமிக்காரரின் செக்பொயின்றில் எத்தனை தரம் சொன்ன பாடம்!

அவள் சிரிக்கவில்லை. "அதை உள்ள வையுங்கோ அம்மா. இது விசாரணை இல்லை. நீங்கள் சொல்லுறதை ஆருக்கும் சொல்லமாட்டன். உங்கட அவருக்கும் சொல்லமாட்டன். அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்லமாட்டன். கதைக்க விருப்பமில்லாட்டி சும்மாவும் இருக்கலாம்."

வந்த காரியம் அந்த இடத்திலேயே கெட்டது. கள்ளி, மனதைப் படித்துவிட்டாள்! சும்மாவே இருந்துவிட்டுப் போவோம் என்று வாயை இறுக்கினேன்.

"உங்களுக்கு நித்திரை எப்பிடி?" என்று கேட்டாள்.

இவரைப் பிடித்த நாளிலிருந்து எல்லோரும் இவருடைய நித்திரையைத்தான் கேட்டார்கள். என்னை ஒருவரும் கேட்கவில்லை. சேலைத் தலைப்பு நனைந்துபோகும் அளவுக்கு அழுதேன். அவள் தேற்றவும் இல்லை, புத்தி சொல்லவும் இல்லை. தண்ணீர் வார்த்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள். பிறகு நான் என்னென்ன சொன்னேனோ, அது அந்த அறையோடு.

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது இவர் வாசலில் நின்றார். என் கண் வீங்கியிருந்ததைப் பார்த்துவிட்டார்.

"எங்க போனனீ?"

"மிஸ்ஸிட்ட."

"என்ன சொன்னனீ?"

"அது சொல்ல ஏலாது," என்றேன். சொல்லும்போது எவ்வளவு இனித்தது!

நான் குசினிக்குள் போக, பின்னாலேயே வந்தார். சோற்றைப் போட்டேன், தொடவில்லை. "என்னைப் பற்றியோ சொன்னனீ?"

"சொல்ல ஏலாது எண்டெல்லே சொல்லுறன்."

எரியட்டும், நல்லாய் எரியட்டும் என்று மீன்குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். அவர் கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டு இருந்தார்.

"அவங்கள் கேட்டவங்கள், கலியாணம் முடிச்சனியோ, மனிசி எங்க இருக்கிறா எண்டு. தேடி வந்திடுவாங்களோ எண்டு பயம். எனக்கு மனிசி இல்லை எண்டு சொன்னனான். அடிச்சுக் கேட்கேக்கையும் அதைத்தான் சொன்னனான். சொல்லிச் சொல்லி... வந்தாப் பிறகு உன்ர முகத்தைப் பார்க்க ஏலாமக் கிடந்தது."

அகப்பை என் கையிலேயே நின்றது. அந்த நேரத்தில் ஒரு மனிசி என்ன கேட்கவேணும்? நான் கேட்டது இதைத்தான்:

"இதை அவவுக்குச் சொல்லிப்போட்டீங்களோ?"

"இல்லை," என்றார். "அங்க போய் அழுறனான், அவ்வளவுதான். இது உனக்குச் சொல்லவேண்டிய கதையெல்லே."

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.