மூன்றாவது பாட்டின் வலது பக்கம்

செஞ்சியில் மைக் செட் வைத்திருப்பவர்கள் பதினைந்து பேராவது இருப்பார்கள். அடைக்கலராஜைத் தேடி வருகிறவர்கள் அவருடைய காதுக்காக வருவார்கள். திருவிழாவுக்குக் குழாய்களைக் கட்டி முடித்ததும் மற்றவர்கள் டீ குடிக்கப் போவார்கள். அவர் ஊரின் கடைசித் தெரு வரை நடந்து போய்க் கேட்டுவிட்டு வருவார். ஒவ்வொரு கூம்புக் குழாயின் வாயருகிலும் வலது காதை வைத்து, உள்ளே தகடு அதிர்கிறதா என்று பார்ப்பார். பதினேழு வயதில் பிடித்த பழக்கம். இப்போது நாற்பத்தாறு.

அதனால்தான் ‘உச்சிவெயில்’ குழுவினர் தங்கள் முதல் ஆல்பத்துக்கு அவரிடம் வந்தார்கள். மூன்று பேர். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தும் விமல்ராஜ் கிதார். டிராக்டர் ஓட்டும் தேவேந்திரன் டிரம்ஸ். சிங்கவரத்துக் கலைவாணி ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர்; பாட்டு எழுதிப் பாடுகிறவளும் அவள்தான். ராக் இசைதான், ஆனால் பல்லவி முடிந்து சரணம் வரும் என்று காத்திருந்தால் வராது. பாட்டு நடுவிலேயே திசை மாறி வேறெங்கோ போய் நிற்கும்.

தொண்டூர் சாலையில் காலியாகக் கிடந்த ஒரு மணிலா வேர்க்கடலைக் கிடங்கில் நாற்பது நாள் பதிவு செய்தார்கள். மூன்றாவது பாட்டு, கோட்டைப் படியில் இருவர் ஏறுவதைப் பற்றியது. கலைவாணியின் குரல் இடது பக்கம், டிரம்ஸும் கிதாரும் வலது பக்கம் என்று விமல்ராஜ் பிரித்து வைக்கச் சொன்னார். கலந்து சமன் செய்கிற வேலை அடைக்கலராஜுடையது. சத்தத்தை அளக்கும் மீட்டரில் வலது பக்க முள் எகிறுவதை விமல்ராஜ் ஒருமுறை காட்டினார்.

“அத்த பாக்காதே தம்பி. காத நம்பு,” என்றார் அடைக்கலராஜ். முள்ளைப் பார்த்து வேலை செய்பவர்களை அவர் என்றும் மதித்ததில்லை.

ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆல்பம் இணையத்தில் ஏறியது. அடைக்கலராஜின் கடையிலேயே பெரிய ஸ்பீக்கர் பெட்டியில் போட்டார்கள். பக்கத்து டீக்கடை பீமாராவ் கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

“இன்னா ராஜு, பாட்டு எப்ப ஸ்டார்ட் ஆவும்?”

“ஸ்டார்ட் ஆயி ஆறு நிமிஷம் ஆவுது.”

“அப்டியா? நீ ஏதோ செட் டெஸ்ட் பண்றேன்னு நெனச்சேன்.” கொஞ்சநேரம் கேட்டார். “ஆனா நல்லா கீது. மழ வர்றதுக்கு முன்னாடி ஆடுங்க கத்துமே, அந்த மாதிரி.”

விமல்ராஜ் அதையே முதல் கருத்தாகக் குறித்துக்கொண்டார். கருத்துகள் வரத் தொடங்கின. மலேசியாவிலிருந்து ஒருவர் மூன்று முறை கேட்டதாக எழுதினார். ஒருவர், இது பாட்டே இல்லை, காசு கொடுத்தாலும் கேட்க மாட்டேன் என்றார். இலவசம்தான் என்று தேவேந்திரன் அவருக்குப் பதில் போட்டார்.

நான்காம் நாள் வந்தது அந்தச் செய்தி. கலைவாணியின் தங்கையும் தோழியும் அவலூர்பேட்டை பஸ்ஸில் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதாகப் பிரித்துக்கொண்டு மூன்றாவது பாட்டைக் கேட்டிருக்கிறார்கள். இடது காதில் வைத்திருந்தவள், ‘அக்கா தனியா முணுமுணுக்குது, பாட்டு எங்கடி?’ என்றாளாம். வலது காதில் வைத்திருந்தவள், ‘காது கிழியுது, அக்கா எங்கடி?’ என்றாளாம். சண்டை முடிவதற்குள் இறங்கும் இடமே வந்துவிட்டது. கலைவாணி இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அடுத்த நாள் இணையத்திலும் அதே பேச்சு. ஹெட்போனில் கேட்ட ஒருவர், ‘வலது பக்கம் கனமாகச் சாய்கிறது, குரல் அடியில் நசுங்கிவிட்டது’ என்று எழுதினார். வேறொருவர், ‘அது வேண்டுமென்றே செய்தது. படி ஏறுகிறவளை மலை அழுத்துகிறது. இந்தத் துணிச்சல் யாருடையது?’ என்று பதில் எழுதினார். அதற்கு நூற்றுக்கு மேல் கைத்தட்டல்.

“அண்ணே, உங்களத்தான் கேக்குறாங்க. எதுக்கு அப்படி வெச்சீங்க?” என்று விமல்ராஜ் ஆசையோடு கேட்டார்.

“பாட்டு கேட்டுச்சு, வெச்சேன்,” என்றார் அடைக்கலராஜ்.

கடைக்கு வந்திருந்த கலைவாணி இந்த முறை சிரிக்கவில்லை. “இல்ல விமல். என் குரல்ல தெம்பு இல்ல. நசுங்கற குரல்தான் நசுங்கும். அடுத்த ஆல்பத்துக்கு வேற யாரயாவது பாட வெச்சுக்கலாம். நான் எழுதித் தர்றேன்.” சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று அடைக்கலராஜ் கடையைச் சீக்கிரம் சாத்தினார். ஹெட்போனைத் திருப்பி மாட்டி, வலது பக்கத்தை இடது காதில் வைத்துக் கேட்டார். காது கிழிகிற சத்தம்; கேட்டவுடன் கழற்றிவிட்டார். மைக் செட்டில் இடமும் வலமும் கிடையாது. எல்லாக் குழாயிலும் ஒரே சத்தம்தான். இத்தனை நாள் அது அவரைக் காப்பாற்றியிருக்கிறது.

வீட்டில் மனைவி ரோஸ்மேரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்தார்.

“ரோசு, என் வலது காது சரியா கேக்கல.”

“தெரியும்.”

“இன்னாத்த தெரியும்? எனக்கே போன வருசம்தான் சந்தேகம் வந்துச்சு.”

“ரெண்டு வருசமா தெரியும்யா. வண்டியில போவசொல்ல எந்தக் காதாண்ட பேசறேன்? கட்டில்ல ஏன் எடம் மாறிப் படுத்தேன்?”

“ஃபேன் காத்து வரலன்னு சொன்ன.”

“ஃபேன் நடு வூட்ல சுத்துது. அதுக்கு எந்தப் பக்கம் வராது?”

அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. “ஏன் சொல்லல?”

“நீ சொல்லுவேன்னு இருந்தேன். ஊரே உன் காதப் பத்தித்தான் பேசுது. அத போயி நான் எப்பிடி கொற சொல்றது?”

கலைவாணி சொன்னதை அவர் சொன்னார். ரோஸ்மேரி கீரையைக் கீழே வைத்தாள். “வெளிய தெரிஞ்சா வேல கொறையும். ஆனா பாடற பொண்ணு பாட மாட்டேங்குது. நீதான் பாத்துக்கணும்.”

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் சிங்கவரம் போனார். கலைவாணி நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். நாற்காலி போட்டாள். உட்காராமலே சொன்னார்.

“உன் குரல்ல ஒண்ணும் இல்லம்மா. என் வலது காது அடங்கிப்போச்சு. எனக்குச் சரியா இருக்கணும்னு வலது பக்கத்த ஏத்திட்டேன். விமலு முள்ளக் காட்டுனாரு. நான் கேக்கல.”

அவள் சிவப்புப் பேனாவை மூடினாள். “பாட்டு கேட்டுச்சு வெச்சேன்னு அன்னிக்குச் சொன்னீங்களே.”

“பொய்ம்மா.”

“நான் ஸ்கூல் பிரேயர்ல கூடப் பாடல, அண்ணே. மூணு நாளா.”

அவர் நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் அவள், “உக்காருங்க, டீ போடறேன்,” என்று எழுந்தாள். கோபம் இன்னும் முகத்தில் இருந்தது. டீயில் சர்க்கரை போட மறந்துவிட்டாள், அவரும் சொல்லவில்லை.

பாட்டை மாற்றுவதற்கு முன்பே உண்மையைப் போட வேண்டும் என்று விமல்ராஜிடம் பிடிவாதமாகச் சொன்னார். விமல்ராஜ் போட்டார்: ‘மூன்றாவது பாட்டின் சாய்வு எங்கள் யோசனை அல்ல. சமன் செய்தவரின் காதில் உள்ள குறை. அவரே சொல்லச் சொன்னார்.’ துணிச்சல் என்று எழுதியவர் நான்கு நாள் ஒன்றும் எழுதவில்லை. பிறகு, எனக்கு அந்தச் சாய்வுதான் பிடிக்கும், மாற்றாதீர்கள் என்று எழுதினார்.

ஒரு கோயில் விழா வேலை கைவிட்டுப் போனது. ஆடி மாத விழாவுக்குப் பேச வந்த கலியபெருமாள் மட்டும் நேராகவே கேட்டார். “ஒரு காது கேக்காதாமே?”

“ஆமாங்க.”

“இன்னொண்ணு?”

“நல்லா கேக்கும்.”

“சரி, நடக்குற தூரத்த ரெண்டு மடங்கு நட,” என்று தேதியைச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த சனிக்கிழமை கடையில் மூன்றாவது பாட்டைப் பிரித்து மறுபடி சமன் செய்தார்கள். ஒரு பக்கத்தை மட்டும் ஓடவிட்டு இடது காதால் கேட்பார். பிறகு மறுபக்கத்தை அதே காதுக்கு மாற்றிக் கேட்பார். முள்ளையும் பார்த்துக்கொண்டார். ஒன்பது நிமிடப் பாட்டுக்கு நாள் முழுக்கப் போனது. மாலையில் ஹெட்போனைக் கலைவாணியிடம் நீட்டினார்.

அவள் கண்ணை மூடிக் கேட்டாள். பாட்டு முடியும் வரை அவர் விரல்கள் மேசையில் இருந்த ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தன.

“அண்ணே, கடைசி படிகிட்ட வருதே ஒரு வரி…”

“ஆமாம்மா.”

“அந்த எடத்துல நான் இன்னும் தெறந்து பாடியிருக்கலாம். மைக் வெக்கறீங்களா, இன்னொரு தடவ பாடறேன்?”

அவர் எழுந்து மைக்கை எடுக்கப் போனார்.