நூல் கட்டிய பூ

எங்கள் ஊரான வடகரையில் விதைக்கு விடும் காய்க்கு ஓர் அடையாளம் உண்டு. நல்ல திரட்சியான சுரைக்காயோ கத்தரிக்காயோ பார்த்துக் காம்பில் நூலோ துணிக் கிழிசலோ கட்டிவிடுவார்கள். குழம்புக்கு ஒன்றுமில்லாத நாளில்கூட அதில் யாரும் கை வைக்க மாட்டார்கள். நான் விவசாயி வீட்டுப் பெண். இது தெரியாதவள் அல்ல. தெரிந்திருந்தும் ஏமாந்தேன்.

கல்யாணமாகித் தென்காசிக்கு வந்த முதல் சாரல் காலம் அது. ஐம்பதுகளின் கடைசி. பெரிய கோவிலுக்குப் பின்னால் ஒரு வளவு. ஒரே முற்றத்தைப் பார்த்த பல குடித்தனங்களில் எங்களுடையது கடைசி வீடு. கிணற்றடியில் என் அத்தையின் சிவப்புச் செம்பருத்தி நின்றது. அத்தை என்றால் என் மாமியார். விடிந்ததும் கூடையோடு போய் ஒன்று விடாமல் பறித்துச் சாமிக்குச் சாத்திவிடுவாள். பூத்ததைச் செடியில் வாடவிட்டால் வீட்டுக்கு ஆகாது என்பது அவள் சட்டம்.

ஒரு நாள் காலையில் அவள் கைக்கு எட்டாத கிளையில் ஒரு பூ மிஞ்சியிருந்தது. காம்பில் வெள்ளை நூல். கட்டியது யார் என்று எனக்குத் தெரியும். முந்தின நாள் என் தையல் பெட்டியைக் குடைந்தவர் என் வீட்டுக்காரர்தான். செம்பருத்திக்கு விதை உண்டு என்று அதுவரை நான் கேள்விப்பட்டதே இல்லை. குச்சியை ஒடித்து நட்டால் வருவதுதானே செம்பருத்தி? ஆகவே அந்தப் பூவை அத்தையிடமிருந்து காப்பாற்றி எனக்கென்று ஒதுக்கியிருக்கிறார் என்று நினைத்தேன். புதுப்பெண் புத்தி. துவைக்கிற கல்லில் ஏறிப் பறித்து, கொண்டையில் வைத்துக்கொண்டு அவருக்கு இட்லி பரிமாறப் போனேன்.

அவர் என் தலையைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"அத ஏன் பறிச்ச? விதைக்குல்லா விட்டிருந்தேன்."

அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "செம்பருத்திக்கு விதையாம்லா" என்று வளவு முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். சிரித்தது அவரைத்தான் என்றாலும் அவமானம் எனக்குத்தான். அடுப்படியில் போய் அழுதேன். பூவை எடுத்துச் சாம்பலில் எறிந்தேன்.

குற்றாலத்தில் ஆட்கள் சீசனுக்கு வந்து தங்கும் ஒரு பங்களாவை அவர் பார்த்துக்கொண்டார். அந்தத் தோட்டத்தில் வெள்ளைச் செம்பருத்தி இருந்தது. ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவில் தடவினால் விதை பிடிக்கும், அந்த விதையில் வரும் செடி தாயைப்போலப் பூக்காது என்று அங்கே வந்து தங்கிய யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவுதான், பித்துப் பிடித்துவிட்டது. சாயங்காலம் வெள்ளை மொட்டை இலையில் பொதிந்து சைக்கிளில் கொண்டுவருவார். காலையில் அது வீட்டிலேயே விரியும். அதைக் கொண்டுபோய்ச் சிவப்பில் தடவி நூல் கட்டுவார்.

"வெள்ளையும் சிவப்பும் சேந்தா என்ன பூக்கும்னு யாருக்கும் தெரியாதுல்லா" என்பார். என்னிடம் அவர் ஆசையாகப் பேசிய பேச்சு அநேகமாக அது ஒன்றுதான்.

பிஞ்சுகள் பெரும்பாலும் உதிர்ந்தன. ஒரே ஒரு காய் காய்ந்து வெடிக்கும்வரை நின்றது. சாரலில் அவருக்குப் பிடித்த இருமலும் போகாமல் நின்றது. ஒரு நாள் அவர் வாய் கொப்பளித்த தண்ணீரில் ரத்தத்தைப் பார்த்தேன்.

டாக்டர் பார்த்ததும் சொல்லிவிட்டார், காசநோய் என்று. வளவில் ஆஸ்துமா என்று சொல்லி வைத்தோம். யார் நம்பினார்கள்? அவருக்குத் தனி டம்ளர், தனித் தட்டு. கிணற்றடியில் எங்கள் வாளியை மற்றவர்கள் தொடாமல் விலகிப்போனார்கள். அவரோ விதைத் தோலை பிளேடால் லேசாகச் சுரண்டி ஊறவைத்து, உடைந்த பானையில் மணலும் சாணிப்பொடியும் கலந்து ஊன்றிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முளை தலைகாட்டிய வாரத்தில் அவரைத் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. பஸ் ஏறும்போது திரும்பிப் பார்த்து, "தண்ணி ரொம்ப ஊத்திராத, அழுகிப்போவும்" என்றார். என்ன சொல்லிவிட்டுப் போனார் என்று என் அம்மா கேட்டபோது, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் என்று பொய் சொன்னேன்.

ஐப்பசி மழையில் பாதி நாற்று அழுகியது. மிச்சத்தை ஆடு கடித்தது. ஒன்றே ஒன்று தப்பியது. அதையும் பிடுங்கி எறிந்துவிடக் கை பரபரத்த நாட்கள் உண்டு. ஆனால் அவர் திரும்பி வந்தால் முதலில் கேட்பது அதைத்தான். வராமல் போனால்... அதற்குமேல் நினைக்கப் பயந்து தண்ணீர் ஊற்றினேன்.

ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கு எட்டத்தான் உட்காரச் சொல்வார்கள். ஒவ்வொரு தடவையும் போனதும் ஒரே கேள்வி: "மொட்டு விட்டுட்டா?" இல்லை என்பேன். கண்ணை மூடிக்கொள்வார். நான் சாப்பிட்டேனா, எப்படி வந்தேன் என்று கேட்டதில்லை. ஒவ்வொரு தடவையும் ஆள் இளைத்துக்கொண்டே வந்தார்.

இன்னொரு சாரல் போய், அதற்கடுத்த சாரலில்தான் மொட்டு வந்தது. அதே வாரம் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனி அடிக்கடி வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்குப் புரிந்தது. செம்பருத்தி ஒரு நாள்தான் இருக்கும், சாயங்காலம் சுருண்டுவிடும். அடுத்த மொட்டு வரும்வரை அவர் இருப்பாரா என்று யார் சொல்ல முடியும்? நுனியில் நிறம் தெரிந்த அன்று பொழுது சாய அதைப் பறித்தேன். அத்தை பார்த்துக்கொண்டு நின்றாள். "அதையா பறிக்க?" என்றாள்.

தூக்குச்சட்டியில் ஈரத்துணி விரித்து மொட்டை வைத்து முதல் பஸ் ஏறினேன். பாவூர்சத்திரத்தில் காய்கறி மூட்டைகளை மேலே ஏற்றினார்கள், ஏற்றினார்கள், ஏற்றிக்கொண்டே இருந்தார்கள்.

"அண்ணாச்சி, சீக்கிரம் எடுக்கச் சொல்லுங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றேன்.

"எல்லாரும் எங்கயாவது போகத்தாம்மா ஏறியிருக்காவ" என்றார் கண்டக்டர்.

மூடியைத் திறந்து பார்த்தேன். விரிந்துவிட்டது. வெள்ளையுமில்லை, சிவப்புமில்லை. பல தடவை துவைத்து வெளிறிய சேலையின் ரோஸ். ஓரமெல்லாம் கசங்கல். இதற்கா இத்தனை பாடு என்று மூடியை அழுத்தி மூடினேன்.

அவர் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு காம்பைத் தொட்டு, "பறிச்சுட்டியே" என்றார்.

அத்தனை நாள் அடக்கியதெல்லாம் வந்துவிட்டது. "பின்ன, செடியோட பிடுங்கிட்டு வரச் சொல்லுதியளா? இல்ல, நீங்க எந்திரிச்சு வந்து பாத்துருவியளா?"

பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் படுத்துக்கொண்டார். இவர் சிரித்தார். சிரிப்பு இருமலானது. இருமல் அடங்கியபின் போர்வை ஓரத்தில் பிரிந்திருந்த நூலை இழுத்து அறுத்தார். அதைப் பூக்காம்பில் கட்டி என்னிடம் நீட்டினார்.

"இது ஒனக்குத்தான். வச்சுக்கோ."

அந்த இட்லிக் காலையை அவர் மறக்கவே இல்லை. என்ன நினைத்து அன்று அந்தப் பூவை வைத்துக்கொண்டேன் என்பதும் அவருக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது. நோயாளி தொட்டதை எடுத்துப்போகக் கூடாதென்று நர்ஸ் சொல்லிக்கொண்டு வருவதற்குள் கொண்டையில் செருகிவிட்டேன். ஆலங்குளம் தாண்டும்போது பூ சுருண்டுவிட்டது. வீடு வரும்வரை எடுக்கவில்லை.

ஆடி முடியுமுன் போய்விட்டார். அந்தக் காலத்தில் என் நிலையில் இருந்தவளுக்குப் பூ கிடையாது. அதன்பிறகு அந்தச் செடி தினமும் பூத்தது. ஒவ்வொரு நாளும் செடியிலேயே சுருண்டு விழுந்தது. அத்தை கூடையோடு கிணற்றடிக்கு வருவாள், சிவப்பை மட்டும் பறித்துக்கொண்டு போய்விடுவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை எதிர் வீட்டுப் பெண் அந்த ரோஸ் பூவுக்குக் கையை நீட்டினாள். அத்தை தண்ணீர் இறைப்பதை நிறுத்தினாள்.

"ஏட்டி, அதத் தொடாத. எம் மவன் விதைக்கு விட்டது."