செருப்புத் தூண், மேசுத் தூண்

1. வெளியே பார்த்த காதுகள்

எங்கள் இரும்புப் பட்டறையில் செய்த கூரைச் சாமான்களோடு கண்டாவளையில் லொறியை விட்டு இறங்கியதும், முன்பே அனுப்பிய தூண்களைத்தான் முதலில் பார்த்தேன். ஆறும் நேராக நின்றன. கொங்கிறீட்டும் நன்றாக இறுகியிருந்தது. ஆனால் மூலைத் தூண்கள் நான்கிலும் காது வெளியே பார்த்துக்கொண்டிருந்தது.

பிள்ளைகள், காது என்பது தூணின் தலைப்புக்குக் கீழே நாங்கள் வெல்டிங் செய்து அனுப்பும் ஒரு சின்ன இரும்புத் தகடு. அதில் ஓட்டை இருக்கும். ஒரு தூணையும் பக்கத்துத் தூணையும் சேர்க்கும் குறுக்குப் பாரை அந்தக் காதில் வைத்துப் போல்ட் பூட்டுவோம். ஆகவே காது பக்கத்துத் தூணைப் பார்க்க வேண்டும். இங்கே அது வயலைப் பார்த்தது. குறுக்குப் பார் இல்லாவிட்டால் கூரை காற்றுக்கு ஆடும்.

அது யோகேஸ்வரி அக்காவின் விதைநெல்லுக்கான கொட்டில். அருவிவெட்டு முடிந்து, அடுத்த போகத்துக்கு வைத்த நெல் முழுவதும் மூட்டைகளாகப் படங்கின் கீழே கிடந்தது. மாசியில் வரக்கூடாத மழை தெற்கே கறுத்துக்கொண்டு வந்தது. நனைந்தால் நெல் சாக்குக்குள்ளேயே முளைத்துவிடும். பிறகு அக்காவுக்கு விதைக்க ஒன்றும் இராது.

தூண்களை நட்டது அக்காவின் தம்பி சிவா.

"நீங்கள் போனில சொன்ன மாதிரித்தானே அண்ணை நட்டனான்? 'சோ' சோத்துக்கைப் பக்கம், 'பீ' பீச்சங்கைப் பக்கம்."

உண்மைதான். மூலைத் தூண்கள் இரண்டு வகை. பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் தலைப்பில் கூரைச் சட்டம் பூட்டும் பக்கம் எப்போதும் உள்ளே பார்க்க வேண்டும்; ஆகவே ஒரு சோடிச் செருப்பு மாதிரி, மாறிப் போட முடியாது. அதனால் வலப்பக்கத் தூணில் 'சோ' என்றும், இடப்பக்கத் தூணில் 'பீ' என்றும் வெள்ளைப் பெயின்றால் எழுதி அனுப்புவோம். "புது இரும்பில பீயைப் பூசி அனுப்புறாங்கள்" என்று எங்கள் முதலாளியே பகிடி விடுவார்.

"சரி சிவா, எங்க நிண்டு பாத்துச் சோத்துக்கை எண்டனீர்?"

"இதிலதான்" என்று கொட்டிலுக்கு நடுவில் போய் நின்றார்.

அப்போதுதான் விளங்கியது. பட்டறையில் நாங்கள் வெளியே நின்று, கொட்டிலைப் பார்த்தபடிதான் சோத்துக்கை சொல்வோம். தூண் நடுகிறவர் உள்ளே நின்று வெளியே பார்க்கிறார். அவருடைய சோத்துக்கை எங்களுக்குப் பீச்சங்கை. நான் சொன்னதும் சரி, அவர் கேட்டதும் சரி. நான்கு தூணும் பிழை.

"கிண்டி எடுப்பமோ அண்ணை?"

"மழைக்கு முந்தி ஏலாது. புதுக் காது ஒட்டலாமெண்டா, வெல்டிங் மெசினை இழுக்க இந்த வீட்டுக் கறண்ட் லைன் காணாது."

நாங்கள் கதைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து அக்கா வந்தா. "ஆற்ற பிழை எண்டு பிறகு ஆறுதலா இருந்து சண்டை பிடியுங்கோ, தேத்தண்ணி நான் தாறன். இப்ப தகரத்தை ஏத்துங்கோ!"

கூரைச் சட்டங்களைத் தூக்கிப் பூட்டினோம். குறுக்குப் பார்களைக் கட்டுக்கம்பியால் தூணோடு முறுக்கிக் கட்டினோம். தகரம் அடித்து முடிய முதலே தூறத் தொடங்கியது. எல்லாருமாக மூட்டைகளை உள்ளே இழுத்தோம். பெருமழையோடு காற்றும் வந்தபோது கூரை கிறீச்சிட்டது. சிவாவும் நானும் லொறிக்காரரும் ஆளுக்கொரு தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றோம். அக்கா மூட்டைகளுக்கு மேலே படங்கை அமத்திப் பிடித்தபடி, "விடாதேங்கோ, விடாதேங்கோ" என்று கத்தினா.

மழை விட்டதும் ஒரு சாக்கை அவிழ்த்து முழங்கை வரைக்கும் கையை விட்டா. அடியில் கிடந்த நெல்லில் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தா.

"காய்ஞ்சுதான் கிடக்கு" என்றா.

தேத்தண்ணி குடிக்கும்போது அக்கா கேட்டா: "ஏன் தம்பி, செருப்பு மாதிரித்தான் செய்யோணுமோ? பள்ளிக்கூடப் பிள்ளையள் சப்பாத்துக்குள்ள போடுற மேசு எந்தக் காலுக்கும் போகுதுதானே?"

சிவா சிரித்தார். "இனி இரும்பில மேசு பின்னச் சொல்லு அக்கா!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நடுவில் நின்ற இரண்டு தூண்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2. இரண்டு காது

அடுத்த நாள் ஜெனரேற்றர் கொண்டுபோய் அக்காவின் தூண்களுக்குக் காது ஒட்டிக் கொடுத்தேன். வந்து முதலாளியிடம் சொன்னேன்.

"நடுத் தூணுக்கு ரண்டு பக்கமும் காது போடுறம்தானே. எல்லாத் தூணையும் நடுத் தூணாவே செய்வம்."

"மூலையில வெளிக் காது சும்மாதானே நிக்கும்? ஆருக்குக் காட்ட?"

"நிக்கட்டும். மூண்டு வகைத் தூண் ஒண்டாகும். தூணை அளவா வைச்சு ஒட்டுற ஜிக் சட்டமும் ஒண்டு காணும். மாறி நட ஏலாது."

முதலாளி சோக்கட்டியால் நிலத்தில் ஒரு தூணைக் கீறி, இரண்டு காது வைத்து, சுற்றிவந்து நான்கு பக்கமும் நின்று பார்த்தார். "அப்ப பெயின்ற் வேலையும் மிச்சம்" என்றார்.

அந்தப் புதுத் தூண்கள் முதலில் ஸ்கந்தபுரத்துக்குப் போயின. புருசனும் பெண்சாதியுமாக நட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தத் தங்கச்சி தூணைப் பிடித்தபடி கேட்டா: "அண்ணை, இது எந்தப் பக்கத்துத் தூண்?"

"எந்தப் பக்கமெண்டாலும் வையுங்கோ."

அவா நம்பவில்லை. "பகிடி விடாதேங்கோ அண்ணை, இதுக்குள்ளதான் எங்கட ஒரு வருசச் சாப்பாடு கிடக்கப்போகுது." தூணைத் திருப்பிப் பார்த்தா. இரண்டு பக்கமும் காது ஒரே மாதிரித்தான் இருந்தது. பிறகு அப்படியே குழிக்குள் இறக்கினா.

பிள்ளைகள், நீங்கள் என்ன வேலைக்குப் போவீர்களோ தெரியாது. எதைச் செய்தாலும், அதைப் பூட்டப்போகிறவர் நிற்கும் இடத்தில் ஒருக்கால் போய் நின்று பாருங்கள்.