சனிக்கிழமைச் சக்களத்தி

எனக்குச் சக்களத்தி யாரும் இல்லை. ஆனாலும் சனிக்கிழமை சாயங்காலம் வந்தால் ஒருத்தி இருப்பது போலத்தான் எனக்கு வயிறு எரியும். என் வீட்டுக்காரர் ஆம்பூரில் பள்ளிக்கூட வாத்தியார். அன்றைக்கு மட்டும் சலவைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, ரயிலேறி வேலூர் போவார். அங்கே படித்தவர்கள் கூடிப் பேசும் சபை ஒன்று இருந்தது. அதற்குக் கொலோக்வியம் என்று பெயர்.

"அப்படின்னா இன்னாங்க?" என்று ஒருநாள் சோறு போடும்போது கேட்டேன்.

முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. அது லத்தீன் சொல்லாம். முன்பாதிக்குச் 'சேர்ந்து' என்று பொருள், பின்பாதி 'பேசு' என்பதிலிருந்து வந்ததாம். அந்தக் காலத்து ரோமாபுரியில் இரண்டு பேர் உட்கார்ந்து பேசினாலே அது கொலோக்வியம்தானாம். பண்டிதர் கூட்டத்துக்கு அந்தப் பெயர் பிறகுதான் வந்ததாம். சோறு ஆறிப்போகும் வரை சொன்னார். கல்யாணமாகி அவர் என்னிடம் அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான். இரண்டு பேர் போதுமென்றால் வேலூர் எதற்கு என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்காமல் மோர் ஊற்றினேன்.

பிறகு ஒருநாள் இடுப்புக்குக் கீழே வேட்டி முழுக்கச் செங்கறையோடு வந்து நின்றார்.

"இன்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

கறை போகத் தேய்த்துத் துவைத்தவள் நான்.

அந்த வாரச் சனிக்கிழமை வேலூரில் சபை கூடும் இடத்துக்கு வெள்ளையடித்தார்கள். கூட்டம் எங்கள் வீட்டுக்கு வந்தது. பள்ளிக்கூடத்து நாற்காலிகளைக் கொண்டுவந்து கூடத்தில் போட்டார்கள். நான் அடுக்களையில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

அப்போது கூடத்தில் அவர் குரல் கேட்டது. குறுக்கு வழி என்று தோல் பதனிடும் கொட்டகைக்குள் புகுந்தாராம். புத்தகத்தில் கண் இருந்ததால் தோல் ஊறப்போடும் செந்நிற ஆவாரம்பட்டைத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தாராம். தூக்கிவிட்ட மேஸ்திரி மாதிரியே பேசிக் காட்டினார்: "இன்னா சார், கொஞ்சம் ஊறியிருந்தா செருப்பாயிருப்பியே!" வீடே அதிரச் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொறாமையில், ஆற்றிய காப்பியைத் தரையெல்லாம் சிந்தினேன். இப்படிக் குரலை ஏற்றி இறக்கிப் பேசும் மனுஷரை நான் அதுவரை கண்டதே இல்லை.

எல்லோரும் கிளம்பிய பிறகு கூடத்துக்கு வந்து, அவருக்கு எதிரே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"அந்தத் தொட்டிக் கதைய எனக்கும் சொல்லுங்க."

"நீதான் உள்ள இருந்து கேட்டியே," என்றார்.

மற்ற நாற்காலிகளையெல்லாம் அடுக்கினார். பிறகு நான் எழுந்திருப்பதற்காகக் காத்து நின்றார்.