பின்வாசலில் நிற்கிறது

"ஏம்மா, முதல்ல ஜன்னலைச் சாத்து. பார்க்குக்குள்ள புலி பூந்துடுச்சாம்."

ஆபீசிலிருந்து வந்து செருப்பைக்கூட கழற்றவில்லை, அதற்குள் அப்பா போனை என் மூக்குக்கு நேராக நீட்டினார். ஏதோ ஒரு வீட்டுக் காம்பவுண்டுச் சுவரை ஒரு சிறுத்தை தாவுகிறது. பின்னணியில் ஒருவர் கன்னடத்தில், குழந்தையை இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று அழுகிறார். அது எந்த ஊர்ச் சுவரோ, யார் வீட்டுக் குழந்தையோ! அப்பா கேட்கிற நிலையில் இல்லை. எங்கள் தெருவில் வரி இருந்தாலும் புள்ளி இருந்தாலும் எல்லாம் புலிதான்.

மைசூரில் இதை நம்பப் பெரிய மனசெல்லாம் வேண்டாம். மலைப் பக்கமும் கரும்புக் காட்டுப் பக்கமும் சிறுத்தை வருவது உண்டு. அதனால் யாரும் ஏன், எப்படி என்று கேட்கவில்லை. மறுநாள் காலை பார்க்கின் இரண்டு வாசலிலும் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்கள். அப்பா வாசல் குடையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டு வந்து வைத்துக்கொண்டார். குடையால் புலியை என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டேன். முறைத்தார்.

சிரித்தேனே தவிர, உள்ளுக்குள் எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவுக்கு அந்தப் பார்க்கில் ஒரே ஒரு வேலைதான் இருந்தது. சாயங்காலம் சரக்கொன்றை மரத்தடி பெஞ்சில் போய் உட்காருவார். மறுபக்க வாசல் வழியாக ஒரு ரிட்டையர்டு வாத்தியார் வருவார். அவரை அப்பா 'மேஷ்ட்ரே' என்பார், அவர் அப்பாவை 'ஸ்வாமி' என்பார். அப்பா ரயில்வே உத்தியோகத்துக்கு என்று இந்த ஊருக்கு வந்து, இங்கேயே தங்கிப்போன தமிழர். மேஷ்ட்ரு பிறந்ததிலிருந்து மைசூர்க்காரர். நடுவில் ஒரு காகிதப் பொட்டலத்தில் வேர்க்கடலை. அப்பா பாதி தமிழிலும் அவர் முழுக் கன்னடத்திலும் பேசுவார்கள். என்ன பேசினீர்கள் என்று கேட்டால் "சும்மாதான்" என்பார். அம்மா போன பிறகு அப்பா வாய்விட்டுச் சிரித்தது அந்த பெஞ்சில்தான்.

அந்த மேஷ்ட்ரு ஞாயிற்றுக்கிழமை மைசூரை விட்டே போவதாக இருந்தது. மகனுக்குப் புனேயில் வேலை. மேஷ்ட்ருவையும் கூடவே அழைத்துப் போகிறான். மிச்சம் இருந்தது அந்த ஒரு வாரம். அவருக்குக் காது மந்தம், போனில் பேசினால் 'ஹலோ ஹலோ' என்பதோடு சரி. வீட்டுக்கே போய்ப் பார்க்கலாம் என்றால், புலிக்குப் பயந்து அவர் மகன் கேட்டைத் திறப்பதில்லை. எங்கள் அப்பாவோ வெளியே காலே வைப்பதில்லை. ஒரு கிழவரை இன்னொரு கிழவரிடமிருந்து பிரித்து வைக்க, பார்த்தே இராத ஒரு புலி போதுமாக இருந்தது.

ரயில்வே குவார்ட்டர்ஸில் நான் வளர்ந்தபோதும் புரளி இல்லாமலா இருந்தது? குழாயடியில் காலையில் கிளம்பினால் மத்தியானத்துக்குள் கடைசி வீடு வரை போய்விடும். ஆனால் யார் கிளப்பியது என்று எல்லோருக்கும் தெரியும். அம்மா குடத்தை இடுப்பில் வைத்தபடியே அந்த வீட்டு வாசலில் போய் நின்று, "நீங்க கண்ணால பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டு வருவாள். கேட்டதோடு பாதிப் புரளி படுத்துவிடும். போனில் வருவதற்கு எந்த வாசலில் போய் நிற்பது?

வெள்ளிக்கிழமை எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. சரி, வாசல் வாசலாகவே போவோம் என்று கிளம்பினேன். அம்மாவுடைய அதே கேள்விதான். மளிகைக்கடைக்காரர், "நான் எங்கம்மா பார்த்தேன், ஜிம் மாஸ்டர் அனுப்பினாரு" என்றார். ஜிம் மாஸ்டர், "நானு சும்மா ஃபார்வர்ட் மாடினேன் ஆண்ட்டி, ஜாஸ்தி டென்ஷன் பேடா, விட்டுடுங்க" என்றார். அந்த வீடியோவை எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. ஆனால் வீடியோவுக்கு முன்னாலேயே எங்கள் குடியிருப்பின் லேஅவுட் குரூப்பில் புலி என்று ஒரு வரி வந்திருந்தது. அதைப் போட்டவள் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண். தமிழ்க் குடும்பம்தான், ஆனால் கன்னடப் பள்ளியில் படித்ததால் அவளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது.

"நீ பாத்தியாடி?" என்றேன்.

"ஐயோ, நான் எங்க ஆண்ட்டி பாத்தேன்! நம்ம தமிழ் குரூப்ல உங்கப்பாதானே முதல்ல மெசேஜ் ஹாக்கினாரு? நான் கன்னடத்துல டிரான்ஸ்லேட் மாடி லேஅவுட் குரூப்ல போட்டேன், அஷ்டே, அவ்ளோதான்!"

போனைத் தடவி எடுத்துக் காட்டினாள். எங்கள் தமிழ் குரூப்பில் பாதிப்பேருக்குத் தமிழ் படிக்க வராது. அதனால் எல்லோரும் ஆங்கில எழுத்தில்தான் தமிழை அடிப்போம். அப்பாவும் அப்படித்தான் அடித்திருந்தார்: "Pudhu puli vandhirukku. Park pinvaasalla nikkudhu. Ezhu manikku mela irukkaadhu."

நான் அவள் வீட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஹனூரில் அம்மாவின் தம்பிக்குப் புளியமரங்கள் உண்டு. வருஷா வருஷம் மாசி, பங்குனியில் கொட்டை எடுத்த புதுப் புளியை வண்டியில் ஏற்றிக்கொண்டு மாமா வருவார். எங்கள் சந்துக்குள் வண்டி நுழையாது என்பதால் பார்க் பின்வாசலில் நிறுத்திக்கொண்டு, தெரிந்த வீடுகளுக்கெல்லாம் கொடுப்பார். வந்தது புளி. நின்றது வண்டி. அந்தப் பெண் கன்னடத்தில் அதைப் புளிப்பு என்கிற 'ஹுளி' என்று நினைத்தாளோ, புலி என்கிற 'ஹுலி' என்று நினைத்தாளோ, அடித்தது ஆங்கில எழுத்தில், huli என்று. புளிப்பும் புலியும் தமிழைப் போலவே கன்னடத்திலும் அந்த எழுத்தில் ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து, "அப்பா, புலியைக் கூட்டிட்டு வந்ததே நீங்கதான்" என்றேன். விஷயம் புரிந்ததும் இருமல் வரும் வரை சிரித்தார். தான் அனுப்பிய புளி ஊரெல்லாம் சுற்றி, வாலும் நகமும் முளைத்துத் தன்னிடமே திரும்பி வந்து தன்னையே கட்டிலில் போட்டுவிட்டதே என்று. திடீரென்று முகம் சுருங்கியது. "நாளைக்கு ஒரு நாள்தாம்மா இருக்கு. மேஷ்ட்ரு போயிடுவாரே" என்றார்.

எல்லா குரூப்பிலும் நான் திருத்தம் எழுதிப் போட்டேன். ஒருவரும் சீந்தவில்லை. வீடியோவில் அழுகிற மனிதருக்கு முன்னால் என் நாலு வரி எம்மாத்திரம்? மறுநாள் காலை அப்பாவே குடையை வாசலில் மாட்டிவிட்டு, "ஆட்டோ கூப்பிடு" என்றார். மடியில் ஒரு புளிப் பொட்டலத்தோடு மேஷ்ட்ரு வீட்டு கேட்டில் போய் நின்று, "புலி வந்திருக்கு, கதவைத் திறங்க மேஷ்ட்ரே!" என்று கத்தினார். விஷயத்தைக் கேட்ட மகன் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். அவன்தான், "அங்கிள், எழுதாதீங்க. நீங்களே பேசி அனுப்புங்க, உங்க குரல் எல்லாருக்கும் தெரியும்" என்றான். அனுப்பினார். மத்தியானத்துக்குள் அது லேஅவுட் முழுக்கச் சுற்றியது. சாயங்காலம் சங்கிலியைக் கழற்றினார்கள். இருட்டும் வரை இருவரும் அந்த பெஞ்சில் இருந்தார்கள். நான் கூப்பிடப் போகவில்லை.

மேஷ்ட்ரு புனே போனார். அடுத்த மழைக்காலத்தில் அப்பா போய்விட்டார். அந்த பெஞ்சைத் தாண்டி நடக்க இன்றுவரை எனக்குத் தைரியம் வரவில்லை, சுற்றித்தான் போகிறேன்.

இந்தப் பங்குனியில் மாமா வண்டியை நிறுத்திவிட்டு, "வந்துட்டனுங் அம்முணி, எல்லாருக்கும் சொல்லிப்போடு" என்றார். குரூப்பில் தமிழ் எழுத்திலேயே 'புளி' என்று எழுதினேன். "என்ன எழுதியிருக்கீங்க?" என்று நாலைந்து பேர் கேட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெண் பதிலே எழுதவில்லை. பழைய ஒரு குரல் பதிவை எடுத்துப் போட்டாள்.

"நான்தாங்க பேசறேன். வந்தது புலி இல்லீங்க, புளி. நாக்கை மடிச்சுச் சொல்லுங்க, புளி. குழம்புல போடறது. மிச்சம் எங்க வீட்டுலதான் இருக்கு." பின்னால் மேஷ்ட்ரு, "ஹுலி அல்ல ஸ்வாமி, ஹுணசேஹண்ணு!" என்று புளியைக் கன்னடத்தில் சொல்லிச் சிரிக்கிறார். அப்பாவும் சிரிக்கிறார். சிரிப்பு அடங்கியதும், "பயப்படாம பை எடுத்துட்டு வாங்க" என்கிறார்.

பையை எடுத்துக்கொண்டு பார்க் வழியாகவே போனேன்.