ஊறுகாய் ஜாடியும் இரட்டைக்குழல் துப்பாக்கியும்

விருத்தாசலம் பஸ் நிலைய டீக்கடை பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு கரும்பு விவசாயியும் அவர் மனைவியும் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த அம்மாவின் மடியில் புதுப் பீங்கான் ஊறுகாய் ஜாடி. கணவர் மடியில் யூரியா சாக்கு சுற்றிய துப்பாக்கி. தேர்தலுக்காகப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்திருந்ததை இன்றுதான் திருப்பிக் கொடுத்தார்களாம்.

பெருமையாகச் சாக்கை விலக்கிக் காட்டுகிறார். சுடுவதற்கு முன் கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்க வேண்டிய இரண்டு குதிரைகள், குழல்களுக்குப் பின்னால் ஆட்டுக்காது மாதிரி நிற்கின்றன.

"குதிரை வெளியே தெரியாத புது மாடல் வந்துடுச்சே, மாத்தலையா?" என்கிறேன்.

"காட்டுப்பன்னி நேரா வரும்போது இழுத்தோமா இல்லையான்னே மறந்துடுமுங்க. குதிரை ரெண்டும் பின்னால போயிருக்குறத கண்ணால பாத்தாத்தான் தைரியம்."

"எத்தனை பன்றி சுட்டிருக்கீங்க?"

"சுடறதே இல்லீங்க. குதிரைய இழுக்குற சத்தத்துக்கே ஓடிடும்."

"எது, பன்னியா?" என்கிறார் மனைவி. "பொங்கலுக்கு முன்ன, கரும்புக்குள்ள அது உறுமுனதும் துப்பாக்கிய வரப்புல போட்டுட்டு வூட்டுக்கு ஓடியாந்தது யாரு? நான்தான போயி, இழுத்தபடியே கெடந்த குதிரைய பதமா எறக்கி எடுத்தாந்தேன்."

கணவர் டீ சிந்தச் சிந்தச் சிரிக்கிறார்.

பெண்ணாடம் பஸ் வந்து நிற்கிறது. ஜாடியைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு, துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு முதலில் ஏறுகிறார் அந்த அம்மா.